பாவு அரிசி

ஆவணி மாதத்திலிருந்து ரேணுகாம்பாளுக்கு அண்ணன் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. வாரம் தவறாமல் ஏனாத்தூருக்கு நடந்தாள். போகும்போது வெறுங்கை. வரும்போது தலையில் ஒரு மூட்டை. மூட்டையின் வாய் வழியாக முருங்கைக்கீரை எட்டிப் பார்க்கும்.

"அண்ணன் வூட்டு முருங்கையை மொட்டை அடிச்சிட்டுத்தான் விடுவே போல," என்பாள் எதிர்வீட்டு ஜெயம்மாள்.

"இன்னாக்கா பண்றது, பொண்ணு முழுவாம இருக்கா இல்ல. கீரை நல்லது," என்று சொல்லிக்கொண்டே ரேணுகாம்பாள் நிற்காமல் உள்ளே போய்விடுவாள். நின்றால் கழுத்து வலிப்பது முகத்தில் தெரிந்துவிடும். கீரை அவ்வளவு கனக்காது.

அது ஊரே அரிசிக்கு அலைந்த வருஷம். சின்ன காஞ்சிபுரத்து ரேஷன் கடையில் அரிசி வந்தால் செய்தி, வராவிட்டால் வழக்கம். கோதுமை மட்டும் எங்கிருந்தோ கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அதை என்ன செய்வது என்று வரதர் கோயிலுக்குப் பின்னால் இருந்த நெசவுத் தெருவில் ஒருத்திக்கும் சரியாகத் தெரியாது. இடித்துக் களி கிண்டினார்கள். குழைய வேகவைத்துச் சோறு என்று பேர் வைத்தார்கள். பிள்ளைகள் ஏமாறவில்லை. கிராமத்திலிருந்து அரிசி எடுத்துவந்தால் வழியில் மடக்கிப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றும், வீட்டில் பதுக்கி வைத்தால் ஜெயில் என்றும் பேச்சு. எது உண்மை, எது டீக்கடைச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்தார்கள்.

ரேணுகாம்பாளும் பயந்தாள். ஆனால் அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது ஆரணியில் இருந்தது. மகள் கிருஷ்ணவேணியின் மாமியார்.

வளைகாப்பு முடிந்து மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர ஆரணிக்குப் போனபோது, அந்த அம்மாள் தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"உங்க ஊர்ல எல்லாரும் கோதுமைக்கு மாறிட்டாங்களாமே, சம்பந்தி? புள்ள பெத்தவளுக்குப் பத்தியச் சோறு பழைய அரிசியிலதான் போடணும். எங்க வூட்ல இருக்குது. உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, பொண்ணு இங்கயே பெத்துக்கட்டும்."

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ரேணுகாம்பாளின் முகத்தைப் பார்த்தார்கள்.

"என் பொண்ணுக்கு நான் கோதுமைக் கஞ்சி ஊத்தினேன்னு கேள்விப்பட்டீங்கன்னா, அன்னிக்கே வண்டி கட்டிக்கினு வந்து அவளை இட்டுக்கினு போயிடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சொல்லிவிட்டாள். பிரசவம் கார்த்திகையில். அதாவது நடு மழையில்.

நெசவுத் தெருவில் மழைக்காலம் என்றால் வேலை இல்லாத காலம். பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். அவற்றைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கவைக்கம்புகள் நட்டு நீட்டி, கஞ்சி பூசி நீவி, வெயிலும் காற்றும் பட உலர்த்தினால்தான் தறியில் ஏற்ற முடியும். வானம் மூடிவிட்டால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் தறி இல்லை. போதாததற்கு, நெசவாளி கால் வைத்து உட்காரும் தறிக்குழியில் வேறு ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும். ஆகவே புரட்டாசியிலேயே ஒவ்வொரு வீடும் மழைக்குத் தயாராகிவிடும். வறட்டி தட்டிப் பரணில் அடுக்குவார்கள். சவுக்குக் கட்டையைப் பிளந்து சுவரோரம் சாத்துவார்கள். புளி, மிளகாய், உப்பு, சுண்டைக்காய் வற்றல், பாட்டிலில் மண்ணெண்ணெய். மற்ற வருஷங்களில் இது ரகசியமல்ல. யார் வீட்டில் விறகு அதிகம், யார் வீட்டுப் புளி கறுக்காத புளி என்று பெருமை பேசிக்கொண்டே செய்வார்கள். அந்த வருஷமும் வறட்டியை வெளியேதான் தட்டினார்கள். அரிசி வைத்திருந்தவர்கள் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

ரேணுகாம்பாளின் வீட்டில் இரண்டு தறிக்குழிகள். ஒன்றில் அவள் புருஷன் தர்மன் நெய்தான். இன்னொன்று, பாகம் பிரிந்துபோன கொழுந்தன் தறியைக் கழற்றிக்கொண்டு போனதிலிருந்து சும்மா கிடந்தது. அந்தக் குழிக்குள் சாணி மெழுகிய பெரிய பானைகளை இறக்கி, அண்ணன் வீட்டுப் போன வருஷத்து அரிசியைக் கொட்டி, வேப்பிலை போட்டு மூடினாள். பானைகள் மேல் பலகை, பலகை மேல் பாய், பாய் மேல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்த மகள். மழை வலுக்கும் முன் எல்லாவற்றையும் பரணுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

எல்லாம் யோசித்தவள் புருஷனை யோசிக்கவில்லை.

தர்மன் அதிகம் பேசாதவன். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சொல்லமாட்டான். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் அன்று முழுக்க முகம் செத்துப்போகும். அரிசித் தட்டுப்பாடு வந்ததிலிருந்து தெரு முழுக்க மரவள்ளி மாவைக் காய்ச்சித்தான் பாவுக்குப் பூசினார்கள். அந்தப் பசை காய்ந்தால் இழையோடு இழை ஒட்டும். பிரித்தால் அறும். தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு முகூர்த்தப் புடவை நெய்ய அவனுக்கு உத்தரவு வந்திருந்தது. அரக்குச் சிவப்பு உடல், அகலக் கரை. பட்டைக் கையில் வாங்கியதிலிருந்து அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரம் ரேணுகாம்பாள் ஏனாத்தூரில் ஒரு ராத்திரி தங்கும்படி ஆயிற்று. மறுநாள் விடிந்து மூட்டையோடு தெருமுனை திரும்பியபோது, பாவு நீட்டியிருந்தது. அவள் புருஷனுடைய பாவு. காலை வெயிலில் தெருவின் நடுவே சிவப்பு வாய்க்கால் ஓடுவதுபோல் மின்னிற்று. அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் அவள் நடையை எட்டிப் போட்டாள். கிட்டே வந்தபோது வாசனையும் வந்தது. பழைய அரிசியைக் குழையக் காய்ச்சி வடிகட்டிய கஞ்சி வாசனை.

பாவு ஒருவனால் ஆகிற வேலையல்ல. எந்த வீட்டுப் பாவு வந்தாலும் தெருவே வந்து கை கொடுக்கும், அதுதான் முறை. அன்றும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிட்டிபாபு கஞ்சித் துணியால் நீவிக்கொண்டிருந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்; ரேணுகாம்பாளை 'வதினா', அதாவது அண்ணி, என்பான். அவன் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

"அண்ணா, இது மரவள்ளி இல்லியே."

தர்மன் இழையை ஒதுக்கினான்.

"மைதாவும் இல்ல. அய்யய்யோ ராமா, இத்தினி வழவழப்பு! தடவிக்கினே இருக்கலாம் போல இருக்குது. எந்தக் கடையிலண்ணா மாவு வாங்கினே?"

"கடையில இல்லப்பா," என்றான் தர்மன். பாவைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வராது.

கவைக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெயம்மாள், மூட்டையோடு நின்ற ரேணுகாம்பாளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு முருங்கைக்கீரையைப் பார்த்தாள்.

"வா ரேணு. உங்க அண்ணன் வூட்டுக் கீரை பாவுக்குக்கூட நல்லாத்தான் இருக்குது."

தெரு சிரித்தது.

உள்ளே போனதும் ரேணுகாம்பாள் மூட்டையைக் கீழே எறிந்தாள். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"ஒரு படிதான் எடுத்தேன்."

"ஒரு படியா? மூணு மாசமா கழுத்து ஒடிய சொமந்துக்கினு வந்து, புழு பூச்சிக்குத் தெரியாம வச்சிருந்தேன். ஒரு படியை எடுத்துத் தெரு முழுக்கப் பூசிட்டு வந்து நிக்கிறீங்க! இதுக்குத் தண்டோரா போட்டிருக்கலாமே."

"மரவள்ளிப் பசையில நான் முகூர்த்தப் புடவை நெய்யமாட்டேன்மே. இழைக்கு இழை முடிச்சு போட்டுக்கினு குந்திக்கினு இருக்க முடியாது."

"நாளைக்கு உங்க பொண்ணு புள்ள பெத்துட்டுக் குந்திக்கினு இருப்பா. அப்போ உங்க புடவையை வேகவச்சிக் குடுங்க."

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன்," என்றாள் பாயில் படுத்திருந்த கிருஷ்ணவேணி. "அப்பா பாவைப் பாத்துக்கினே நின்னுச்சு. பாக்க முடியல."

"நீ வேற. உங்க மாமியார் வந்து நிக்கறப்போ உனக்குப் பாக்க முடியும் பாரு."

சாயங்காலம் ஜெயம்மாள் வந்தாள். கையில் ஆழாக்கு. வாசலில் நின்று கூப்பிடாமல் நேராகக் கூடத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு ஆழாக்கு குடு ரேணு. சின்னவனுக்குக் காச்சல். கோதுமைக் களியைக் கண்டாலே உவ்வேங்கறான்."

"இருந்தாத்தானேக்கா? அது அண்ணன் குடுத்த ஒரு படி. அவரு பாவுக்குப் போட்டுட்டாரு. வயித்தெரிச்சலா இருக்குது."

ஜெயம்மாள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "சரி," என்று எழுந்தாள். "இல்லன்னா இல்ல." வாசற்படி தாண்டும்போது திரும்பி, "எங்க வூட்டு எலிங்ககூட உங்க வூட்டுக்கு வந்துடுச்சு. அதுங்களுக்கு நீ இல்லன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தாலுகா ஆபீஸுக்கு யார் எழுதிப் போட்டார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. தெருவில் ஒவ்வொருவரும் இன்னொருவரை நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரக் கடைசியில், உச்சிப்பொழுதில், இரண்டு சேவகர்களோடு ஓர் இளவயசு அதிகாரி தர்மன் வீட்டு வாசலில் வந்து நின்றார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "பெட்டிஷன் வந்திருக்கு. வீட்டைப் பார்க்கணும்," என்றார்.

பரணைப் பார்த்தார்கள். வறட்டியும் விறகும். அடுப்பங்கரையைப் பார்த்தார்கள். ரேஷன் கோதுமை. பானைகளைத் தட்டிப் பார்த்தார்கள். சுக்கு, பூண்டு, பனைவெல்லம். அதிகாரிக்குத் திரும்பிவிடத்தான் ஆசை. ஆனால் ஒரு சேவகன் பாயின் ஓரத்தில் பலகை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

"எழுந்திரும்மா."

"எழுந்திருக்க முடியல சார்," என்றாள் கிருஷ்ணவேணி. அது பாதி நிஜம்.

அதிகாரி சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரேணுகாம்பாளே மகளைக் கைகொடுத்துத் தூக்கினாள். பாய் போயிற்று. பலகை போயிற்று. சேவகன் குழிக்குள் இறங்கி ஒரு மூடியைத் திறந்து, உள்ளங்கை நிறைய அரிசியை மேலே நீட்டிக் காட்டினான்.

வாசலில் தெரு கூடியிருந்தது.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

தர்மன்தான் சொன்னான்.

"பாவு அரிசி சார்."

"அப்படீன்னா?"

"பாவுக்குக் கஞ்சி போட. பட்டு இழை தறியில நிக்கணும்னா அரிசிக் கஞ்சிதான் சார் பூசணும். மத்ததெல்லாம் ஒட்டும்." தறியில் ஏற்றியிருந்த சிவப்புப் பாவைக் காட்டினான். "தொட்டுப் பாருங்க."

அதிகாரி குனிந்து, ஒரு விரலால் தொட்டார். பிறகு இன்னொரு தரம் தொட்டார்.

"ஒரு பாவுக்கு எவ்வளவு ஆகும்?"

"ஒரு படி சார்."

ரேணுகாம்பாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்போ இங்கே இருக்கிறதை வெச்சு நீ சாகற வரைக்கும் நெய்யலாம் போலிருக்கே," என்றார் அதிகாரி. சேவகன் சிரித்தான்.

"அவரு ஒருத்தருக்கா சார்?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜெயம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "தெருவுக்கே சார். எங்க எல்லார் வூட்டுப் பாவுக்கும் சேத்து இங்க வச்சிருக்குது. இவங்க வூட்லதான் ஒரு குழி காலியா கீது."

"ஆமா சார்," என்றான் சிட்டிபாபு. "நானே என் கையால பூசினேன். போன வாரம்தான். தெருவே பாத்துச்சு. கேட்டுப் பாருங்க."

"ஆமா சார்," என்றது தெரு.

அதிகாரி எல்லார் முகத்தையும் பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. நிறைமாதக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் சாட்சி.

"பாவுக்குன்னா பாவுக்கு மட்டும்தான். வித்தீங்க, மாத்தினீங்கன்னு தெரிஞ்சா மறுபடி வருவேன்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

குடை தெருமுனை தாண்டியதும் ரேணுகாம்பாள் ஜெயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீ மட்டும் இல்லன்னா..."

"இருக்கட்டும் இருக்கட்டும்," என்று ஜெயம்மாள் கையை விடுவித்துக்கொண்டு கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பின்னால் சிட்டிபாபு வந்து உட்கார்ந்தான். அவன் பின்னால் இன்னும் சில பேர். யாரும் போகிற மாதிரி இல்லை.

"அளந்து குடு," என்றாள் ஜெயம்மாள்.

"எதைக்கா?"

"தெரு அரிசின்னு கவர்மெண்டுக்குச் சாட்சி சொன்னேன். அத்தினி பேர் எதிர்ல. அது பொய்யின்னு ஆயிடக் கூடாது பாரு."

"ஆமா வதினா," என்றான் சிட்டிபாபு. "நானும் சொன்னேன். எனக்கும் பொய் சொல்லிப் பழக்கம் இல்ல."

"அக்கா, இது எம் பொண்ணு பத்தியத்துக்கு வச்சது. ஆரணிக்காரி சொன்னது உனக்குத் தெரியும். உங்கிட்டத்தானே வந்து அழுதேன்?"

"தெரியும். எம் பசங்க வயிறும் உனக்குத் தெரியும். அன்னிக்கு ஒரு ஆழாக்கு கேட்டேன். காச்சல்காரப் புள்ளைக்கு. இல்லன்னே. இந்தப் பாய் மேலதான் குந்திக்கினு சொன்னே." ஜெயம்மாளின் குரல் உயரவில்லை. அதுதான் ரேணுகாம்பாளுக்குத் தாங்கவில்லை. "நான் வாயைத் திறக்காம நின்னிருந்தா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. வண்டியில ஏத்திக்கினு போயிருப்பான்."

தர்மன் தறியில் உட்கார்ந்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் தாயைப் பார்த்தாள். ரேணுகாம்பாள் குழிக்குள் இருந்த பானைகளைப் பார்த்தாள். இத்தனை பேருக்கும் அளந்தால் மகளுக்கு என்ன மிஞ்சும் என்று மனசு கூட்டிக் கழித்துப் பார்த்தது. ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது ஓட்டின் மேல் மழை சடசடவென்று இறங்கியது. அவள் நிமிர்ந்தாள்.

"தர்றேன்க்கா. உங்க எல்லாருக்கும் தர்றேன். பாவு எங்க?"

"எந்தப் பாவு?"

"நீதானே சொன்னே, பாவு அரிசின்னு? பாவுக்கு மட்டும்தான்னு அவரும் சொல்லிட்டுப் போயிருக்காரு. தெருவுல பாவை நீட்டு. கஞ்சியை நானே காச்சி, நானே தூக்கிக்கினு வந்து, நானே பூசறேன். எத்தினி பாவு போட்டாலும் சரி."

வாசலில் தண்ணீர் தெருவை அடைத்து ஓடிக்கொண்டிருந்தது. இனி தை பிறக்கும்வரை அங்கே பாவாவது ஒன்றாவது.

சிட்டிபாபு முதலில் சிரித்தான். "வதினா பெரிய வக்கீலு," என்று எழுந்து வேட்டியை உதறினான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டும் முணுமுணுத்துக்கொண்டும் கலைந்தார்கள். ஜெயம்மாள் சிரிக்கவில்லை.

"நல்லா இரு," என்று மட்டும் சொன்னாள். மழையில் நனைந்துகொண்டே தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றே தர்மனும் அவளுமாகப் பானைகளைப் பரணுக்கு ஏற்றினார்கள். ஏற்றும்போது அவன் கேட்டான்: "ஜெயம்மாளுக்காவது ஒரு படி குடுத்திருக்கலாம் இல்ல?"

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். நீங்க பேசாம புடிங்க."

மழை பிடித்துக்கொண்டது. வேகவதி ஆற்றில் தண்ணீர் போகிறது என்றார்கள். செவிலிமேட்டுப் பக்கம் பாலாறு மணல் தெரியாமல் ஓடுகிறது என்றார்கள். தறிக்குழிகளில் ஊற்றெடுத்தது. தர்மன் தறிமேல் துணியைப் போர்த்திவிட்டுப் பீடி குடித்தான். தெருவில் எல்லா அடுப்பும் ஒருவேளைதான் புகைந்தது, கோதுமைக்கு. ரேணுகாம்பாளும் புருஷனும் அதையேதான் தின்றார்கள். பரணில் இருந்து ஒரு மணி அரிசி அவள் தனக்கென்று எடுக்கவில்லை. இதை ஜெயம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் எதிர்க்கதவு திறக்கவில்லை. திறந்தாலும் முகம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால், மருத்துவச்சி கங்கையம்மாள் கையில் கிருஷ்ணவேணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். ஆரணிக்குத் தந்தி போயிற்று. பாலாற்றில் வெள்ளம் வடிந்தபின் வருகிறோம் என்று பதில் வந்தது.

பத்தியச் சோறு போடும் முதல் நாள் ரேணுகாம்பாள் பரணிலிருந்து அரிசியை இறக்கிக் களைந்து உலையில் போட்டாள். பூண்டை நசுக்கிக் குழம்புக்கு வைத்தாள். அரிசி கொதி வந்து மேலெழுந்தபோது அந்த வாசனை அடுப்பங்கரையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, மழைக்குள்ளே நுழைந்து தெருவுக்குப் போய்விட்டது. அதைப் பலகை போட்டு மூட முடியவில்லை.

எதிர்க்கதவு திறந்தது.

சாக்கைத் தலைக்குக் முக்காடு மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு ஜெயம்மாள் வந்தாள். கையில் அலுமினியக் குண்டான். அடுப்பங்கரை வாசலில் நின்றாள். குழந்தையை விசாரிக்கவில்லை.

"அரிசி கேக்க வரல," என்றாள். "பாவு அரிசின்னு சொன்னே. பாவு அரிசியில கஞ்சிதானே தெருவுக்குச் சேரும்? வடிக்கப்போற இல்ல, அதைக் குடு. பசங்க உப்பைப் போட்டுக் குடிக்கும்."

ரேணுகாம்பாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். குண்டானை வாங்கிக் கீழே வைத்தாள். துணியால் பானையின் கழுத்தைப் பிடித்து, தட்டை அழுத்திச் சாய்த்தாள். கஞ்சி வெள்ளையாக, கெட்டியாக இறங்கிற்று. பாதி இறங்கும்போது தட்டு விலகி, ஒரு பிடி சோறு கஞ்சியோடு சரிந்து விழுந்தது. இன்னொரு பிடியும் விழுந்தது.

"சோறு வுழுவுது பாரு," என்றாள் ஜெயம்மாள்.

"தட்டு சரியா குந்தல."

"குழந்தை பெத்தவளுக்குப் பத்துமா?"

"அவ இன்னா ஒரு பானை சோறா துன்னப்போறா? பேசாம எடுத்துக்கினு போக்கா. ஆறிடப் போவுது."

ஜெயம்மாள் குண்டானை முந்தானையால் மூடினாள். போகிற வழியில் கூடத்தில் நின்று, தொட்டில் துணியை ஒரு விரலால் விலக்கி உள்ளே பார்த்தாள். "மூக்கு அப்பனாட்டம் கீது," என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினாள்.

மறுநாள் கொஞ்சம் பெரிய குண்டானோடு வந்தாள். ரேணுகாம்பாள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு, உலையில் இன்னும் ஒரு பிடி அரிசியைப் போட்டாள்.